செத்த நாய் செய்ய செத்த நாய் தேவையில்லை

பேய் வீடு போடுவதென்று நாலு பேர் கூடினால் போதும், அதில் ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "மச்சான், உண்மையான மண்டையோடு ஒண்டு எடுத்தமெண்டா வேற லெவல்." அதுக்குப் பிறகு பேச்சு முழுக்க அந்தப் பக்கம்தான் ஓடும். இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் ஒரு தலை எடுக்கலாம். றோட்டில் அடிபட்டுச் செத்த நாய் கிடந்தால் தூக்கிக்கொண்டு வந்து காயவைக்கலாம். ஒருத்தருக்கு மான் கொம்பு இருக்கிற வீடு தெரியும். இன்னொருத்தர் ஆட்டுத்தோல் கொண்டு வாறன் எண்டுவார். கூட்டம் கலையும்போது பேய் வீட்டுக்கு ஒரு திட்டமும் இருக்காது. செத்த மிருகங்களின் பட்டியல் ஒன்று மட்டும் இருக்கும்.

நாங்கள் இந்தப் பேச்சுக்கு எதிரானவர்கள். அருவருப்பு ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். ஆனால் முதல் காரணம் வேறு: அது மோசமான வேலை. செத்தும் சாகாத ஒரு மிருகத்தைப் பார்ப்பவர் நம்பும்படி செய்வது ஒரு கலை. உண்மையான எலும்பைக் கொண்டுவந்து வைத்தால் அந்தக் கலை முடிந்தது என்று நினைப்பது, கதை எழுதச் சொன்னால் அகராதியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது போன்றது. எல்லாச் சொல்லும் அதுக்குள்ள இருக்குத்தான். கதை எங்க?

இது சின்ன விஷயம், இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். வெசாக் காலத்தில் தெற்கில் பேய் வீடுகள் போடுகிறார்கள், சனம் வரிசையில் நின்று பார்க்கிறது. களியாட்ட விழாக்களிலும் பேய் வீடு வருகிறது. கம்பஸ் நிகழ்வுகளிலும் இப்போது யாராவது ஒரு வகுப்பறையைக் கறுப்புத் துணியால் மூடிவிடுகிறார்கள். உள்ளே சின்னப் பிள்ளைகள் போகிறார்கள், தாய் தகப்பன் போகிறார்கள், சிலவேளை அம்மம்மாவும் போகிறா. அவர்களுக்கு நாங்கள் எதைக் காட்டுகிறோம், எதை வைத்துக் காட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

முதலில் "உண்மையானது என்றால் உண்மை போலத் தெரியும்" என்ற நம்பிக்கையை எடுப்போம். சுவீடனில் கிரிப்ஸ்ஹோம் என்றொரு கோட்டை இருக்கிறது. அங்கே பாடம்செய்து வைத்த ஒரு சிங்கம் நிற்கிறது. 1731இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் சுவீடன் அரசன் முதலாம் பிரெடெரிக்குக்கு அனுப்பிய சிங்கம் அது. தோல் உண்மையான சிங்கத் தோல். ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கண் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கி முன்னால் பார்க்கின்றன, நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது, பல்வரிசை மனிதரின் பல்வரிசை போல் இருக்கிறது. பாடம்செய்தவர் உயிரோடு ஒரு சிங்கத்தைக் கண்டிருக்கவே மாட்டார் என்று சொல்வார்கள். தோல் கையில் இருந்தது, சிங்கம் மனதில் இருக்கவில்லை. அதனால்தான் இணையம் முழுக்க அது ஒரு பகிடியாகச் சுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான கதை இன்னும் கொடூரமானது. 1976 டிசம்பரில், கலிபோர்னியாவின் லோங் பீச்சில், ஒரு களியாட்டப் பூங்காவின் இருட்டுச் சவாரிக்குள் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக்கு ஆயத்தம் நடந்தது. அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஒரு "பொம்மையை" நகர்த்தப்போன இடத்தில் அதன் கை கழன்று விழுந்தது. உள்ளே மனித எலும்பு. அது எல்மர் மக்கர்டி என்ற மனிதரின் உடல். 1911இல் ஒக்லஹோமாவில் ரயில் கொள்ளை ஒன்றுக்குப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டவர். உடலைக் கேட்டு ஒருவரும் வராததால் மருந்தேற்றிப் பதப்படுத்தி, காசுக்குக் காட்டத் தொடங்கினார்கள். பிறகு உறவினர் என்று பொய் சொல்லி உடலை வாங்கிப்போன களியாட்டக்காரர்களின் கைமாறிக் கைமாறி, கடைசியில் இது மனித உடல் என்பதே மறந்துபோய், வர்ணம் பூசித் தொங்கவிட்டுவிட்டார்கள். 1977இல்தான் ஒக்லஹோமாவில் அவரை அடக்கம் செய்தார்கள். யாரும் திரும்பவும் தோண்டி எடுக்காமல் இருக்க, மேலே கொங்கிரீட் ஊற்றினார்கள்.

இந்தக் கதையைக் கேட்டால் முதலில் வருவது அந்த மனிதரை நினைத்து ஒரு வெட்கம். ஆனால் பேய் வீடு போடுபவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த உடலுக்குப் பக்கத்தால் எத்தனையோ சனம் போய்வந்தது. ஒருத்தருக்கும் அது உண்மையான உடலாகத் தெரியவில்லை. காய்ந்து சுருங்கிய உண்மை உடல், மெழுகுப் பொம்மை மாதிரித்தான் இருந்தது. இதைவிட வேறு சான்று வேண்டாம். உண்மையான பொருள் வேறு, உண்மை போலத் தெரிவது வேறு. முதலாவதைத் தூக்கிக்கொண்டு வரலாம். இரண்டாவதைச் செய்ய வேண்டும்.

"அப்ப நூதனசாலையில வைச்சிருக்கிற மிருகங்கள் உண்மைத் தோல்தானே, அவை உயிரோட நிக்கிற மாதிரித்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த மிருகங்களின் தோல் மட்டும்தான் உண்மை. உள்ளே இருப்பது ஒரு சிற்பம். நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஆபிரிக்க மிருகங்களை அமைத்த கார்ல் எக்லி என்பவர், மிருகத்தின் தசைகளை முதலில் களிமண்ணில் பிடித்து, அதிலிருந்து அச்செடுத்து, அதன் மேல்தான் தோலைப் போர்த்தினார். அதற்கு முன்பு வைக்கோலை அடைத்துத் தைத்த மிருகங்கள் தலையணை மாதிரி ஊதி நின்றன. உயிர் வந்தது தோலால் இல்லை. மிருகத்தைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியதால் வந்தது. அப்படியென்றால் தோலை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2007இல் லண்டன் நஷனல் தியேட்டரில் 'வோர் ஹோர்ஸ்' நாடகம் மேடையேறியது. அதற்குக் குதிரைகளைச் செய்தவர்கள் தென்னாபிரிக்காவின் ஹான்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவினர். பிரம்பால் ஒரு சட்டகம், அதன் மேல் மெல்லிய துணி, அவ்வளவுதான். இடைவெளிக்கூடாக உள்ளே நிற்கிற ஆக்களின் கால்கள் தெரியும். மூன்று பேர் சேர்ந்து ஒரு குதிரையை ஆட்டுகிறார்கள். அதில் ஒன்றும் ஒளித்துவைக்கப்படவில்லை. இருந்தும் சனம் அந்தக் குதிரைக்காக அழுதது. காரணம், அந்தக் குதிரை மூச்சு விட்டது. சும்மா நிற்கும்போதும் நெஞ்சு ஏறி இறங்கும், காது திரும்பும். பார்க்கிறவரின் மனம் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டது.

இன்னும் கிட்டவான உதாரணம் வேண்டுமா? 1996இல் வந்த முதலாவது 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை எடுங்கள். ஒரு நீளமான நடைகூடம். திடீரென்று யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு செத்த நாய் உள்ளே பாய்கிறது. இன்றைக்கு அந்த நாயைப் பார்த்தால் நாலு பெட்டியை ஒட்டியது மாதிரி இருக்கும். அந்தக் காலத்து பிளேஸ்ரேஷனால் அவ்வளவுதான் முடியும். ஆனால் ஒரு தலைமுறையே அந்த இடத்தில் கதிரையை விட்டு எழும்பியது. தோல் இல்லை, எலும்பு இல்லை, மணம் இல்லை. எந்தக் கணத்தில், எந்தப் பக்கத்தால், எந்தச் சத்தத்தோடு வரவேண்டும் என்று யோசித்த ஒரு மூளை இருந்தது.

எங்கள் ஊருக்கும் இது புதிது இல்லை. கோயில் திருவிழாவில் குதிரை வாகனம் வெளியே வரும்போது, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, மூக்கை விரித்துப் பாய்கிற அந்த மரக்குதிரையைப் பார்த்துச் சின்ன வயதில் பயப்படாதவர் யார்? மரம், வர்ணம், ஆசாரியின் கண். வைரவருக்கு வாகனம் நாய். அந்த நாயையும் எங்கட ஆக்கள் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். செத்த நாயின் தோலை உரித்து ஒட்ட வேண்டும் என்று ஒரு ஆசாரிக்கும் தோன்றவில்லை.

சரி, விமர்சனம் காணும், எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் ஒரு நாய் செய்தோம். அதில் கற்றதைச் சொல்கிறோம்.

முதல் வேலை கம்பி வளைப்பது இல்லை, நாய் பார்ப்பது. எங்கள் கன்ரீன் வாசலில் படுக்கிற நாய்களை ஒரு கிழமை பார்த்தோம், வரைந்தோம். அப்போதுதான் எங்களில் பாதிப்பேருக்கு ஒரு விஷயம் விளங்கியது. நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக மடிகிற மூட்டை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றுக்குப் பக்கத்தில், எங்களுடையதைப் போலவே முன்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நாய் விரல் நுனியில் நடக்கிற ஒரு மிருகம். இதைப் பிழையாக வளைத்தால், மேலே எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் அது நாலு காலில் நிற்கிற மனிதர் மாதிரித்தான் தெரியும். பல்லும் அப்படித்தான். வளர்ந்த நாய்க்கு 42 பல், மேலே 20, கீழே 22. வாயை மூடும்போது கீழ்க் கோரைப்பல் மேல்க் கோரைப்பல்லுக்கு முன்னால் வந்து பொருந்தும். கடையில் விற்கிற பிளாஸ்ரிக் ஓநாய் முகமூடிகளில் எத்தனை இதைச் சரியாகக் காட்டுகின்றன என்று ஒருக்கால் பாருங்கள். விலா எலும்பு 13 சோடி. முழுவதையும் காட்டத் தேவையில்லை. ஆனால் காட்டுகிற இடத்தில் அவை முதுகிலிருந்து பின்னோக்கிச் சரிந்து இறங்க வேண்டும், ஏணிப்படி மாதிரி நேராக நிற்கக்கூடாது.

இரண்டாவது, சாவைப் பற்றிய அறிவு. பேய் வீடுகளில் நாங்கள் காண்கிற செத்த மிருகங்களில் பெரும்பாலானவை சிவப்புப் பெயின்ற் வாளிக்குள் விழுந்தவை மாதிரி இருக்கும். இரத்தம் காற்றுப் பட்டால் சிவப்பாக இருக்காது, கபிலமாகிக் கறுத்துப் போகும். தோல் காயும்போது சுருங்கும். உதடு பின்னுக்கு இழுபட்டுப் பல் வெளியே தெரியும். அதனால்தான் செத்த மிருகம் சிரிப்பது மாதிரி இருக்கிறது. விரல் தோல் சுருங்குவதால் நகம் நீண்டது மாதிரித் தெரியும். கண் உள்ளே இறங்கும். இந்த நாலும் தெரிந்தால் சிவப்புப் பெயின்ற் ஒரு சொட்டும் வேண்டாம். எங்கள் நாயின் உடம்பில் இருந்தது தேயிலைச்சாயக் கபிலம், சாம்பல், கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் பொருள். பீ.வீ.சி. குழாயும் கட்டுக்கம்பியும் எலும்புக்கூடு. அதன் மேல் பழைய பத்திரிகையைச் சுருட்டிக் கட்டித் தசை. பத்திரிகைத் துண்டும் பைண்டர் கம்மும் சேர்த்துத் தலை. மெல்லிய ரிசு பேப்பரையும் பஞ்சையும் ரப்பர் பாலில் தோய்த்து ஒட்டி, அரைவாசி காய்ந்ததும் விரலால் இழுத்துக் கிழித்தால் காய்ந்த தோல். ரப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு பேய்த்தோலை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வெட்கக்கேடு. மயிருக்குத் தும்பு. அதையும் முழுக்க ஒட்டக்கூடாது. முதுகிலும் கழுத்திலும் மட்டும் திட்டுத்திட்டாக ஒட்டினால்தான் உதிர்ந்து மிஞ்சியது மாதிரி வரும். தலை அசைவதற்கு, கழித்த வாகனம் ஒன்றின் 12 வோல்ட் வைப்பர் மோட்டர். அது மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். வெளிநாடுகளில் வீட்டிலேயே பேய்ப் பொம்மை செய்பவர்களும் இதைத்தான் விரும்பிப் பாவிக்கிறார்கள்.

கண்ணுக்கு ஒரு இரகசியம் இருக்கிறது. நாயின் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படை உண்டு. மனிதருக்கு அது இல்லை. இரவில் ரோச் அடித்தால் நாயின் கண் பச்சையும் மஞ்சளுமாக மின்னுவது அதனால்தான். அதனால் பேய் நாயின் கண்ணுக்குள் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப் வைக்காதீர்கள், அது விளையாட்டுச் சாமான். கண்ணாடிக் குண்டுக்குப் பின்னால் சைக்கிளுக்கு ஒட்டுகிற ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர் ஒரு துண்டு வையுங்கள். வருகிறவர் கையில் ஒரு சின்ன ரோச்சைக் கொடுங்கள். அந்த ஸ்ரிக்கர் ஒளியை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். அதனால் ரோச்சைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருப்பவருக்குத்தான் அந்தக் கண் நன்றாக மின்னும். பக்கத்தில் நிற்பவருக்கு அவ்வளவு தெரியாது. "கண்ட நீயோ?" "இல்லையே, என்னத்தை?" இந்த ஒரு கேள்வி பதிலுக்கு எந்த மண்டையோடும் ஈடாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் பொறுப்பில்லாதவர்கள். கையால் செய்த பொருள்களில் பல எரியும். பத்திரிகை எரியும், தும்பு எரியும், ரப்பர் எரியும். எல்லாவற்றையும்விட மோசம் ஸ்பொஞ்சும் றெஜிபோமும். 1984 மே 11, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ஞ்சர் பூங்காவின் 'ஹோன்டெட் காசில்' என்ற பேய்க் கோட்டை எரிந்தது. இருட்டில் வழி பார்க்க யாரோ பிடித்த லைற்றர், சுவரில் அடித்திருந்த ஸ்பொஞ்சில் பட்டதுதான் தொடக்கம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. உள்ளே தண்ணீர் தெளிக்கிற கருவி இருக்கவில்லை. 8 பேர் இறந்தார்கள். எல்லோரும் பதின்ம வயதினர், எங்கட தம்பி தங்கச்சிமாரின் வயது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டின் தீப்பாதுகாப்பு விதிகளில் இப்படியான இடங்களுக்குக் கடுமையான நிபந்தனைகள் வந்தன.

கறுப்புத் துணியால் மூடிய, ஒரே ஒரு வாசல் உள்ள, ஸ்பொஞ்சும் வயரும் நிறைந்த ஒரு வகுப்பறை. இதுதான் நாங்கள் சாதாரணமாகப் போடுகிற பேய் வீடு. "ஒண்டும் நடக்காது" என்பது திட்டம் இல்லை. வெளியேற இரண்டாவது வழி, அணைக்கும் கருவி, உள்ளே எந்நேரமும் ஒரு ஆள், லைற்றைப் போடுகிற சுவிட்ச் எங்கே என்று தெரிந்த ஒரு ஆள், சுவரோடு ஸ்பொஞ்ச் இல்லை, மெழுகுதிரி இல்லவே இல்லை. மண்டையோட்டுக்கு அலைகிற நேரத்தில் இதைச் செய்யலாம். உண்மையான எலும்பு தேடுகிற அளவு அக்கறையை உண்மையான பிள்ளைகளின் மேல் வைத்தால் காணும்.

இனி எலும்பு. மக்கர்டியின் கதை எங்கேயோ தூரத்தில் நடந்த விநோதம் என்று அமெரிக்கர் ஒருவர் சொல்லலாம். எங்களால் ஏலாது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டிய இடத்தில் மனித எலும்பு வந்தது. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய இடத்தில் வந்தது. 2025இல் செம்மணியில் குழந்தைகளின் எலும்போடு ஒரு புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் வந்தன. எங்கட மண்ணில் எலும்பு என்றால் அது ஒரு கேள்வி. யாருடையது, எப்போது, யாரால் என்ற கேள்வி. அதற்குப் பதில் கேட்டு இன்றைக்கும் அம்மாமார் றோட்டில் இருக்கிறார்கள். அப்படியான ஒரு ஊரில் "உண்மையான எலும்பு எண்டா வேற லெவல்" என்று சொல்வதற்கு எங்களுக்கு நா எழவில்லை. மிருக எலும்புதானே என்பார்கள். இருட்டுக்குள் கால் தடுக்கி விழுந்து அதைப் பார்க்கிற ஒருவருக்கு அது மிருக எலும்பு என்று யார் சொல்லுவது? பொம்மை பொம்மையாக இருக்க வேண்டும். வெளியே வந்து லைற்றைப் போட்டதும் "அட, பேப்பரும் கம்மும்" என்று சிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேய் வீட்டின் முழு அறமும் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. உண்மையான உடம்பை வைத்தால் அந்தச் சிரிப்பு வராது.

உயிரோடு இருக்கிற நாய்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பேய் வீட்டு நாய் என்றால் எல்லோரும் எதைச் செய்கிறார்கள்? மெலிந்து, சொறி பிடித்து, வாயில் நுரை தள்ளுகிற ஒன்றை. அது பேய் இல்லை. அது நோயும் பசியும் பிடித்த தெருநாய். வாயில் நுரை விசர்நாயின் அடையாளம். சொறி, எங்கள் ஒழுங்கையில் திரிகிற பாதி நாய்க்கு இருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்கிற வழக்கத்தை இந்த நாடு 2006இல் நிறுத்தியது. அதற்குப் பதிலாகத் தடுப்பூசியும் கருத்தடையும் என்று கொள்கை சொல்கிறது. ஆனால் கல்லெறிகிற கை நிற்கவில்லை. பேய் வீட்டுக்குள் சொறிநாயைப் பூதமாகக் கண்ட பிள்ளை, அடுத்த நாள் ஒழுங்கையில் அதே சொறிநாயைக் காணும்போது என்ன செய்யும்? விசர்நாய்க்கு உண்மையாகவே பயப்பட வேண்டும். கடித்தால் உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பயம் உயிரைக் காக்கும். நோயாளி நாயைக் கேலிப்பொருளாக்குகிற பயம் யாரையும் காக்காது.

அப்ப எந்த நாய் பயமுறுத்தும்? வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க இரவோடு இரவாக வெளிக்கிட்ட கதையைச் சொல்லும்போது, அநேகமான வீடுகளில் ஒரு நாயும் வரும். மாட்டை அவிட்டுவிட்டம், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டம், நாய் கொஞ்சத் தூரம் பின்னால வந்தது, பிறகு காணேல்ல. சொல்பவரின் குரல் அந்த இடத்தில் மாறும். எங்கள் நாய்க்கு நாங்கள் அந்தக் கதையைத்தான் வைத்தோம். அது பாயவில்லை, குரைக்கவில்லை, நுரை தள்ளவில்லை. பூட்டிய ஒரு வீட்டுக் கதவுக்கு முன்னால் படுத்திருந்தது. கழுத்தில் பழைய கயிறு. காலடிச் சத்தம் கேட்டால் தலையை மெதுவாகத் தூக்கும். பிறகு வாலை ஆட்டும். உதிர்ந்த வால், ஒரே ஒருக்கால். அவ்வளவுதான். கத்திக்கொண்டு ஓடியவர்கள் குறைவு. அந்த அறையை விட்டு வெளியே போகாமல் நின்றவர்கள்தான் கூட.

"பேய் வீட்டுக்குப் பயப்பட வாறம், அழ இல்லை" என்று ஒருத்தர் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. செத்தும் சாகாத மிருகம் என்பது முதலில் ஒரு துக்கம். செத்துப்போன செல்லப்பிராணி திரும்பி வரவேண்டும் என்ற ஆசைதான் அதன் வேர். ஸ்ரீபன் கிங் 1983இல் எழுதிய 'பெற் செமற்ரி' நாவலில் புதைத்த பூனை திரும்பி வருகிறது. டிம் பேர்ட்டனின் 'பிராங்கன்வீனி'யில் ஒரு பையன் செத்த நாயை எழுப்புகிறான். ஒன்று பயங்கரம், மற்றது பாசம், வேர் ஒன்றுதான். அந்தத் துக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இறைச்சிக் கடை. இறைச்சிக் கடையைப் பார்க்கச் சனம் ரிக்கெற் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை பேய் வீடு போடுகிற எல்லோரிடமும் நாங்கள் கேட்பது இதுதான். றோட்டில் செத்துக் கிடக்கிற நாயைப் புதையுங்கள், காட்சிக்கு வைக்காதீர்கள். மான் கொம்பு, சிறுத்தைப் பல் என்று காட்டு மிருகங்களின் உறுப்புகளுக்குக் கிட்டவும் போகாதீர்கள். வனவிலங்குச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றம்தான். ஸ்பொஞ்சைச் சுவரில் அடிக்காதீர்கள், இரண்டாவது வாசலைப் பூட்டாதீர்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற ஒரு நாய்க்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருங்கள். அதன் குதிக்கால் எங்கே இருக்கிறது, அது எப்படி மூச்சு விடுகிறது, ஆள் வரும்போது முதலில் எது அசைகிறது, காதா, கண்ணா, வாலா என்று எழுதுங்கள். அந்த ஒரு மணித்தியாலம் பொறுமை இல்லாதவர்கள்தான் மண்டையோடு தேடுகிறார்கள்.